பின்புலத்தைப் படித்தல்: நிகழ்பட விளையாட்டுக் களங்களும் பேராக் தோட்டப்புறமும்



மொழியியல் படித்து, அதையே கற்பித்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவர் நிகழ்பட விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பைத் தரலாம். 'வீடியோ கேம்' என்று பிள்ளைகள் சொல்லும் அந்த விளையாட்டுகளை நாமும் நெடுங்காலம் நேரத்தைத் தின்னும் பொருளாகவே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியவன் எம் பேரன். மூன்றாம் படிவ மாணவன். பள்ளி விடுமுறைக்கு ஈப்போவிலுள்ள எம் வீட்டிற்கு வந்திருந்தவன், ஒரு மாலையில் திரையின்முன் அமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். துப்பாக்கியோடு ஓட வேண்டிய பாத்திரம் ஓடவில்லை. இடிந்த கோயில் ஒன்றின் சுவரருகே நின்றுகொண்டிருந்தது. "ஏனப்பா, கதை நகரவில்லையே?" என்று கேட்டோம். "கதை எங்கயும் போயிடாது தாத்தா. நாம வர்ற வரைக்கும் நிக்கும். அதுக்குள்ள சுத்திப் பார்த்துடலாம்" என்றான்.

அந்த விடை எம்மைச் சிந்திக்க வைத்தது. திரைப்படத்தில் பின்புலம் நமக்காகக் காத்திருப்பதில்லை. இயக்குநர் காட்டும் அளவே நாம் காண்கிறோம். நூலில் ஆசிரியர் எழுதியதற்கு அப்பால் ஒரு சுவருமில்லை, ஒரு சன்னலுமில்லை. நிகழ்பட விளையாட்டிலோ ஆடுபவர் விரும்பினால் கதையை நிறுத்திவிட்டு, சுவரில் என்ன எழுதியிருக்கிறது, அடுப்பில் என்ன இருக்கிறது, அடுத்த அறையில் யார் வாழ்ந்தார் என்று தேடலாம். அவ்வாறு தேடுவோர்க்கென்றே உருவாக்குநர்கள் சிறுசிறு செய்திகளை ஒளித்து வைக்கின்றனர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த ஒளிந்திருக்கும் செய்திகளைப் பற்றியே. அங்குத் தொடங்கி நம் தோட்டப்புறத்தில் முடிப்போம்.

கருப்பொருளும் உள்ளுறையும்

இது முற்றிலும் புதிய கலை என்று தமிழ் படித்தவர் சொல்ல முடியாது. தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. பின்வந்த நம்பியகப்பொருள் இப்பட்டியலைப் பதினான்காக விரிக்கிறது. ஊரும் நீரும் பூவும் அதில் இடம் பெறுகின்றன.

இன்றைய சொல்லில் கூறினால் கருப்பொருள் என்பது பின்புலம். ஆயினும் நம் முன்னோர் அதை வெறும் ஒப்பனையாக விட்டுவிடவில்லை. கருப்பொருளின் வழியே சொல்லாத பொருளை உணர்த்தும் முறைகளுக்கு உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயரிட்டனர். வயலில் மேயும் எருமையும் குளத்தில் இருக்கும் நாரையும் தலைவன் தலைவியைப் பற்றிய செய்தியைச் சுமந்து நிற்கும். மேலோட்டமாகப் படிப்பவர்க்கு அது காட்சி; நின்று படிப்பவர்க்கு அது பேச்சு. எம் பேரன் சுவரருகே நின்றதும் இவ்வகைப் படிப்புத்தான் என்று கூறத் துணிகிறோம்.

ஒளிந்திருந்த பெயர்

நிகழ்பட விளையாட்டில் ஒளித்து வைக்கப்பட்ட செய்திகளுள் பெரும்புகழ் பெற்றது ஒரு மனிதரின் பெயர். 1980-ஆம் ஆண்டையொட்டி அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை வாரன் ராபினெட் என்பவர் தனியொருவராக உருவாக்கினார். விளையாட்டுகளை ஆக்கியவரின் பெயரை அந்நாளில் அந்நிறுவனம் வெளியிடுவதில்லை. எனவே அவர் விளையாட்டின் உள்ளேயே ஓர் அறையை மறைத்து வைத்தார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு புள்ளியைக் கண்டெடுத்து, அதைக் குறிப்பிட்ட ஓரிடத்திற்குச் சுமந்து வந்தால், சுவரைக் கடந்து அவ்வறைக்குள் செல்லலாம். அங்கே, இதை ஆக்கியவர் இன்னார் என்று அவர் பெயர் ஒளிரும். விளையாட்டு விற்பனைக்குச் சென்ற பின்னரே, ஆடிய இளைஞர் ஒருவர் எழுதிய மடலால் நிறுவனம் இதை அறிந்தது. இத்தகைய மறைபொருள்களை 'ஈஸ்டர் முட்டை' என்று அழைக்கும் வழக்கம் அதிலிருந்து பரவியது.

இதை ஒரு குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அடிப்படையில் அது, உழைத்தவனின் பெயரை மறைத்த ஏற்பாட்டிற்கு உழைத்தவன் அளித்த மறுமொழி. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஈப்போவிலிருந்து ஏறத்தாழ அரைமணி நேரப் பயணத்தில் உள்ள ஓரிடத்திற்கு வாருங்கள்.

பத்து காஜாவிற்கு அருகே கெல்லிக் கோட்டையை உங்களுள் பெரும்பாலோர் பள்ளிச் சுற்றுலாவில் கண்டிருப்பீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்டம் அமைத்த வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்ததால் நின்றுபோன மாளிகை அது. சென்னை மாகாணத்திலிருந்து எழுபது கைவினைஞர்கள் இதற்காக வரவழைக்கப்பட்டனர் என்பது வழக்கமாகக் கூறப்படும் செய்தி. முதல் உலகப்போரையொட்டிப் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, ஸ்மித் அருகிலேயே கட்டித் தந்தார் என்பர். அக்கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கு நடுவே கோட்டும் தொப்பியும் அணிந்த வெள்ளையர் உருவம் ஒன்று நிற்கிறது. அது ஸ்மித்தைக் குறிப்பது என்பது மக்கள் நம்பிக்கை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்திலும் தொப்பியணிந்த ஐரோப்பியரைப் போன்ற உருவம் உண்டு. அண்ணாந்து பார்ப்பவர்க்கே அது தென்படும்.

கோட்டைக்குச் செல்வோர் பலர் சுரங்க வழியைத் தேடுகின்றனர், ஆவியைத் தேடுகின்றனர். கோயிலின் மேலே நிமிர்ந்து பார்ப்போர் சிலரே. அந்தச் சிலரும் காண்பது துரையின் உருவத்தை. சாந்து குழைத்த கொத்தர்களின் பெயர் அங்கு வரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. ராபினெட்டுக்கு ஓர் அறை கிடைத்தது. நம் கொத்தர்கள் துரையின் உருவத்தை மேலே ஏற்றிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டனர்.

பின்புலம் பொய்யும் சொல்லும்

பின்புலத்தில் உள்ளதெல்லாம் உண்மை என்று கொள்வதும் தவறு. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில் இந்திய வீரனின் களத்தில் யானைகள் வரிசையாக நின்று பிளிறும். இந்தியா என்றதும் யானை என்று எண்ணியவர்கள் வரைந்த பின்புலம் அது. 2017-இல் வந்த 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி' மேற்குத் தொடர்ச்சி மலையைக் களமாகக் கொண்டது. எம் பேரன் ஆடிக்கொண்டிருந்தது அதுவே. ஒய்சளர் காலச் சிற்பங்களை ஊன்றிப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். காட்டுக்குள் ஆங்காங்கே ஒய்சள வில்லைகளை ஒளித்து வைத்து, தேடி எடுப்போர்க்குப் பரிசும் தருகிறார்கள். ஆனால் பேலூரும் அளேபீடும் அங்கே மனிதர் மறந்த பாழ்நகரங்கள். உண்மையில் பேலூர் மக்கள் வாழும் ஊர். 1117-இல் விட்டுணுவர்த்தனன் எழுப்பிய சென்னகேசவர் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. சிற்பத்தின் விரல்நுனி வரை சரியாக வரைந்தவர்கள், அதன்முன் விளக்கேற்றும் மனிதரை வரையாமல் விட்டுவிட்டனர். நுண்மை வேறு, உண்மை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை மாணவர்க்குக் காட்டுவது அரிது.

உள்ளிருப்போர் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023-இல் வந்த 'வெண்பா' விடை தருகிறது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு ஆக்கியது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற்குக் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் இணையரும் அவர்கள் மகன் கவினும் பாத்திரங்கள். ஆடுபவர் செய்ய வேண்டியது சமையல். அம்மாவின் பழைய சமையற்குறிப்பேட்டில் சில பகுதிகள் அழிந்துபோயிருக்கின்றன. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாவற்றிற்கும் சென்று சேரும் என்பதை ஆடுபவரே எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னணியில் வானொலி பாடுகிறது. பாடல்கள் பல காலகட்டத் திரையிசையின் சாயலில் புதிதாக அமைக்கப்பட்டவை. இவ்விளையாட்டு 2024-இல் சுதந்திர விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும், பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் பெற்றது.

இங்கு யானை இல்லை. இடிந்த கோயில் இல்லை. இட்லிச் சட்டி இருக்கிறது. பின்புலமாக ஒதுக்கப்படும் அடுப்படி இங்கே கதையாகிவிட்டது. குறிப்பேட்டில் அழிந்த வரிகள் எவை என்பதைக் கவனியுங்கள். அம்மாவிற்கு அவை எழுதிவைக்கத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்தவை. மகனுக்கோ அவை இல்லாமல் சமையல் இல்லை. ஒரு தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லாதது அடுத்த தலைமுறைக்குத் தெரியாததாகி விடுகிறது.

ஒரு தோட்டத்தை வரைவதானால்

நாளை உங்கள் மாணவர் ஒருவர் பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டத்தை ஒரு விளையாட்டுக் களமாக வரைய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மரங்களை வரிசையாக நட்டுவிடுவார். பிறகு?

மரத்தில் வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்? மரத்தை எதிர்நோக்கி நிற்பவர்க்கு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து இருக்க வேண்டும். பால் குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஏறுவதால், அவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். மாற்றி வரைந்தால் பால்வெட்டிய எந்தப் பாட்டியும் ஒரு நொடியில் கண்டுகொள்வார். களத்தில் ஒளி எப்படி இருக்க வேண்டும்? விடியுமுன் இருட்டு. வெயில் ஏறினால் மரத்துள் அழுத்தம் குறைந்து பால் வடிவது மட்டுப்படும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டினார்கள். பட்டையில் பழைய வெட்டுகள் ஆறிய தடம் இருக்க வேண்டும். ஆழமாக வெட்டிக் காயம் பட்ட இடத்தில் மரம் முண்டு கட்டியிருக்க வேண்டும். அந்த முண்டுகளைப் பார்த்தே முன்பு வெட்டியவரின் கைப்பக்குவத்தைச் சொல்லிவிடுவார்கள். மரப்பட்டை ஓர் ஏடு. அதைப் படித்தவர்கள் இருந்தார்கள்.

இனிச் சொற்களுக்கு வருவோம். ரப்பர் மரம் நம்மவர்க்குக் கித்தா மரம். மலாயின் 'கெத்தா' என்னும் சொல் அது. பாலை ஏந்துவது மங்கு. மங்கிலும் வெட்டிலும் உறைந்து ஒட்டியது ஒட்டுப்பால். வாளிகளைத் தோளில் சுமக்கும் தடி காண்டா. அதிகாலையில் பேர் கொடுக்கும் இடம் பிரட்டுக்களம். ஆங்கிலத்தின் 'பரேட்' பிரட்டாயிற்று. கணக்கெழுதுபவர் கிராணி. குடியிருப்பு லயம். பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் ஆயக்கொட்டகை. இச்சொற்களில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே வாளியில் ஊற்றிய பாலாகக் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளைச் சுட்டுகிறது. பொருள் மறைந்தால் சொல் சில காலம் தனித்து நிற்கும். பிறகு அதுவும் சாயும்.

ரப்பரின் கதை இம்மாநிலத்தில் 1877-இல் கோலாகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளோடு தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின் செம்பனை வந்தது. பின் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இன்று வீடமைப்புப் பகுதிகளின் நடுவே ஒரு மாரியம்மன் கோயிலோ முனியாண்டி மேடையோ தனித்து நிற்பதைக் காண்கிறோம். அதுவும் ஒரு பின்புலச் செய்திதான். 'இங்கே ஒரு தோட்டம் இருந்தது' என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை.

எம் பிழை

இவ்விடத்தில் எம் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1980-களின் நடுவில் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் முதியோரின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்தோம். எமக்கு வேண்டியது உயிரொலிகளின் நெடுமையும் கடன்சொற்களின் ஒலிமாற்றமும். ஆகவே பதிவு தூய்மையாக இருக்க வேண்டும் என்று கருதினோம். வானொலியை அணைக்கச் சொன்னோம், பிள்ளைகளை வெளியே அனுப்பினோம், சன்னலைச் சாத்தினோம். ஒருமுறை வெளியே சத்தம் கேட்டபோது, "அந்தச் சத்தம் நிற்கட்டும் பாட்டி, பிறகு பேசலாம்" என்றோம். "அது நிக்காதுப்பா, பால் நிறுக்கிற நேரம்" என்றார் அவர். நாம் சன்னலைச் சாத்திவிட்டோம். ஆய்வேடு நன்கு அமைந்தது, பட்டமும் கிடைத்தது.

ஓய்வு பெற்றபின் அந்நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் பணியில் இறங்கினோம். ஏறத்தாழ எல்லாவற்றிலும் பேச்சு தெளிவாக இருக்கிறது. பேச்சைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்தத் தோட்டம் எப்படி ஒலித்தது என்பதை நாமே முயன்று அழித்திருக்கிறோம். ஒரே ஒரு நாடாவில் மட்டும் சன்னலைச் சாத்த மறந்துவிட்டோம். பாட்டி தம் திருமணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் குரலுக்குப் பின்னால் கிராணி பெயர் பெயராகக் கூப்பிட்டு நிறை சொல்கிறார். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய 'நெட்டை' என்றும் 'குட்டை' என்றும் அடைமொழி சேர்க்கிறார். யாரோ ஒருவர் நிறை குறைவென்று வாதிடுகிறார், சிரிப்பொலி எழுகிறது, வாளிகள் மோதுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாடாவை வைத்திருந்தும் அதை நாம் கேட்கவில்லை. நெடில் எத்தனை மில்லிநொடி என்று அளந்துகொண்டிருந்தோம்.

அதில் பதினொரு பெயர்களைப் பிரித்தறிந்தோம். அத்தோட்டத்தில் வாழ்ந்து இப்போது ஈப்போவில் இருக்கும் முதியோரிடம் போட்டுக்காட்டியபோது மூவரை அடையாளம் கண்டார்கள். மற்ற எண்மரை அறிந்தவர் எவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை. ஆயினும் அவர்கள் பெயர் இப்போது நம்மிடம் இருக்கிறது. எவரும் திட்டமிட்டு ஒளித்து வைக்காத பெயர்கள்; ஒரு சன்னல் திறந்திருந்ததால் பிழைத்தவை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகள் நின்று பார்க்கக் கற்றிருக்கிறார்கள். விளையாட்டுக் களத்தில் ஒரு சுவரை விடாமல் தடவிப் பார்க்கும் பொறுமை அவர்களிடம் இருக்கிறது. அப்பொறுமையைத் திரைக்கு வெளியே திருப்பிவிடுவதே நம் வேலை. கருப்பொருளைக் கற்பிக்கும்போது பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு நின்றுவிடாமல், அவர்கள் ஆடும் ஒரு விளையாட்டின் களத்திலுள்ள உணவு எது, மரம் எது, தொழில் எது என்று பட்டியலிடச் சொல்லுங்கள். யார் வரைந்தது, யாரை வரையாமல் விட்டது என்றும் கேட்கச் சொல்லுங்கள். பிறகு ஈப்போவின் ஜாலான் லாஹாட் தெருவிற்கு அழைத்துச் சென்று, அதே வினாக்களைக் கடைப் பெயர்ப்பலகைகளின்முன் கேட்கச் சொல்லுங்கள். எந்த மொழி பெரிதாக இருக்கிறது, எது சிறிதாக இருக்கிறது, எது அழிந்து தெரிகிறது என்பதை அவர்களே குறித்து வரட்டும். லாண்ட்ரி, பூரி ஆகிய இரு அறிஞர்கள் 1997-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இது மொழியியலில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் மைன்கிராஃப்டில் கோட்டை கட்டுகிறீர்கள். ஒருமுறை ஒரு லயம் கட்டிப் பாருங்கள். கட்டத் தொடங்கியதும் தெரியாதவை வரிசையாக வந்து நிற்கும். அடுப்பு உள்ளேயா வெளியேயா? குழாய் வீட்டிற்கு ஒன்றா, வரிசைக்கு ஒன்றா? ஆயக்கொட்டகையில் தொட்டில் எதில் தொங்கியது? பிரட்டுக்களத்தில் மணி எங்கே இருந்தது? தோட்டத்திற்குத் தோட்டம் விடை மாறும். ஆகவே நூலைத் தேடுவதற்கு முன் உங்கள் பாட்டியிடம் கேளுங்கள், தாத்தாவிடம் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நம் மொழிக்குக் கணினியில் இடம் தேடித் தந்தவர்களுள் முன்னோடியான முரசு அஞ்சல் முத்து நெடுமாறன் இம்மலேசிய மண்ணைச் சேர்ந்தவர். கருவி இல்லை, எழுத்துரு இல்லை என்று சொல்லும் காலம் கடந்துவிட்டது. இல்லாமல் போய்க்கொண்டிருப்பது கேட்டால் விடை சொல்லக்கூடியவர்களே. பால்வெட்டியோருள் பலர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள்.

விளையாட்டில் கதை நமக்காகக் காத்து நிற்கும் என்றான் எம் பேரன். விளையாட்டைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. தோட்டத்தைப் பொறுத்தவரை அவ்வாறில்லை. ஆகவே பதிவு செய்யும்போது எம் அறிவுரை ஒன்றே: சன்னலைச் சாத்தாதீர்கள்.